7 வயதுப் பிள்ளைக்குப் பரப்பளவு: ஸ்கேலுக்கு முன்னால் என்ன?

#1 வாசல்கோலம்

மகள் இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், தம்பிக்கு வயது 5. விடுமுறையில் தினமும் அரைமணி நேரம் பரப்பளவுக்கு ஒதுக்கலாம் என்றிருக்கிறேன். பெரியவளுக்கு ஸ்கேல் பிடித்து நீளம் அளக்க வரும், 5-ஆம் வாய்ப்பாடு வரை தெரியும். ஆனால் "இந்த ரெண்டு பேப்பர்ல எது பெருசு?" என்றால் எப்போதும் நீளமானதையே காட்டுகிறாள்.

நேராக நீளம் × அகலம் சொல்லிக் கொடுத்துவிடலாமா? இல்லையென்றால் முதலில் எதைச் செய்ய வேண்டும், எங்கே தடுக்கும்? கடையில் விற்கும் கிட் வேண்டாம், வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய வேண்டும்.

#2 சுண்ணாம்புக்கட்டி (தொடக்கப்பள்ளி)

நீளம் × அகலம் இப்போதைக்கு வேண்டாம். ஸ்கேலில் 6 என்றும் 4 என்றும் படிக்கும் பிள்ளைக்கு அவை இரண்டும் கோட்டின் நீளங்கள்தான். இரண்டு கோடுகளைப் பெருக்கினால் தரை எப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. மனப்பாடமாகச் சொல்லுவாள். பிறகு சுற்றளவு வந்ததும் கூட்டுவதா பெருக்குவதா என்று குழம்புவாள். நான்காம், ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகளிடம் பார்க்கிற குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பரப்பு என்றால் ஒரு இடத்தை மூடுவது. அந்த எண்ணம் கைக்கு வந்த பிறகுதான் எண்.

எது பெருசு என்று நீங்கள் கேட்டதையே முதல் பாடமாக வையுங்கள். பழைய நோட்டு அட்டையில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்று 20 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். இன்னொன்று 12-க்கு 10. நீளமானதுதான் பெரியது என்பாள். மறுக்காதீர்கள். இரண்டையும் ஒரு மூலை ஒட்டி ஒன்றன்மேல் ஒன்றாக, நீளத்துண்டின் நீளமும் மற்றதன் 10 செ.மீ. பக்கமும் ஒரே திசையில் இருக்கும்படி வையுங்கள். நீளத்துண்டில் 10-க்கு 5 வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கத்தரித்து, மற்ற அட்டையில் மூடாமல் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே 10-க்கு 7 காலியாக இருக்கிறது. நீட்டிய துண்டு முழுவதும் அதற்குள் போய், இன்னும் இடம் மிஞ்சும். நீளமானது சிறியது என்று அவள் கையே அவளுக்குக் காட்டிவிடும். இதில் எண்ணே கிடையாது, அதனால் தம்பியும் சேர்ந்து செய்யலாம்.

கத்தரியை அவள் கையிலேயே கொடுங்கள். நாம் வெட்டிக் காட்டினால் அவளுக்கு அது வித்தை மாதிரி ஆகிவிடும்.

#3 வாசல்கோலம்

நன்றி டீச்சர். அடுத்து மூடி எண்ணுவதற்குப் புளியங்கொட்டை, ஒரு ரூபாய் நாணயம் போதுமா? வீட்டில் அதுதான் நிறைய இருக்கிறது.

#4 எண்சுவடி

ஒரே ஒரு நாள் மட்டும் செய்யுங்கள். வட்டம் ஏன் உதவாது என்று பார்ப்பதற்காகவே செய்யுங்கள்.

நாணயங்களை நேர்வரிசையாக அடுக்கினால் அவை மூடும் இடம் 100-க்கு ஏறக்குறைய 78 பங்கு. மேல்வரிசை நாணயம் கீழ்வரிசை இடுக்கில் உட்காரும்படி மாற்றி அடுக்கினால் அது 90 பங்குக்குச் சற்று மேலே போகும். விளிம்புகளில் கொஞ்சம் வீணாகும் என்றாலும், பெரிய தட்டில் இரண்டு அடுக்கலுக்கும் எண்ணிக்கை வேறுவேறாக வரும். அதாவது தட்டு ஒன்றுதான், விடை இரண்டு. "ஏன் மாறுது?" என்று அவளையே கேளுங்கள். இடுக்கில் தெரியும் தரையை அவளே விரலால் காட்டுவாள். அளக்கும் துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி இருக்கக்கூடாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும். இந்த மூன்று விதியும் அங்கேயே பிறந்துவிடும்.

புளியங்கொட்டையில் மூன்றாவது விதியும் உடைகிறது, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. "அக்கா பெரிய கொட்டையா எடுத்துட்டா" என்று தம்பி சண்டை போட்டால் அது நல்ல பாடம். அலகு ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அவன் கேட்கிறான்.

அடுத்த நாள் சதுர அட்டைக்கு வந்துவிடுங்கள்.

#5 மட்டப்பலகை (கட்டட மேற்பார்வை)

அட்டை வெட்டுவதில்தான் பாதிப்பேர் கோட்டை விடுவார்கள், அதனால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

5 செ.மீ. சதுரம் சரியான அளவு. 2 செ.மீ. என்றால் சின்ன விரல்களுக்கு நழுவும், 10 என்றால் தட்டில் ஆறேழுதான் கொள்ளும். நெளிவு வைத்த அட்டைப்பெட்டி வேண்டாம், வெட்டும்போது ஓரம் நசுங்கும். சட்டை வரும் பெட்டி, நோட்டு அட்டை, காலண்டர் அட்டை இதெல்லாம் நல்லது. 30 சதுரம் போதும்.

ஒரு சதுரத்தை வெட்டி, அதையே வைத்துச் சுற்றி வரைந்து அடுத்ததை வெட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போகும். முதலில் 5 செ.மீ. அகலத்தில் நீளப்பட்டை வெட்டுங்கள். பட்டையின் மேல் ஸ்கேலை ஒரே தடவை வைத்து 5, 10, 15, 20 என்று எல்லாப் புள்ளியும் குறித்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். சதுரத்துக்கு 1 மி.மீ. கூடினால் 6 சதுரம் வைக்கும்போது 6 மி.மீ. தள்ளிவிடும், கடைசி அட்டை உட்காராது. பிள்ளை தான் தப்பு செய்ததாக நினைத்துக்கொள்ளும்.

மூடவேண்டிய பலகையையும் நீங்களே வெட்டுங்கள், 30-க்கு 20. வரிசைக்கு 6, 4 வரிசை, மொத்தம் 24. முதல் வாரம் புத்தகம், தட்டு, டப்பா மூடி என்று கண்டதை அளக்க வேண்டாம். ஓரத்தில் அரையும் காலும் மிஞ்சினால் பாடம் அதில் சிக்கிக்கொள்ளும். ஓரத்தில் சின்ன விளிம்பு ஒட்டினால் இன்னும் நல்லது, அட்டை வெளியே நகராது.

இன்னொன்று. வீட்டுத் தரையில் டைல்ஸ் இருந்தால் அதுவே தயாராகப் போட்ட கட்டம். குளியலறையில் பெரும்பாலும் 1 அடி டைல்ஸ், கூடத்தில் 2 அடி. அதிலிருந்தே தொடங்கலாமே?

#6 சுண்ணாம்புக்கட்டி

மட்டப்பலகை சார், டைல்ஸ் தரை கட்டாயம் வேண்டும், ஆனால் பிறகு. தயாராகப் போட்ட கட்டத்தில் பிள்ளை எண்ண மட்டும்தான் செய்யும். அடுக்கும் வேலை, இடைவெளி விழாமல் சேர்க்கும் வேலை, வரிசை நேராக வருகிறதா என்று பார்க்கும் வேலை எல்லாவற்றையும் டைல்ஸ் போட்டவர் முன்பே செய்து முடித்துவிட்டார். அந்த வேலைதான் இங்கே பாடம்.

பரப்பளவின் உயிர்நாடி வரிசை. ஒரு வரிசையை ஒற்றைப் பொருளாகப் பார்க்கும் கண் வந்துவிட்டால் மற்றது தானாக வரும். அந்தக் கண் வருவதற்கு 30-க்கு 20 பலகையை வைத்தே படிப்படியாக அட்டையைக் குறைத்துக்கொண்டு போவேன்.

முதலில் 24 அட்டையும் கொடுத்து முழுக்க மூடச் சொல்லலாம். எப்படி எண்ணுகிறாள் என்று கவனியுங்கள். ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து எண்ணும் பிள்ளைகள் நிறைய, நடுவில் இரண்டு விட்டுப்போகும். வரிசைக்கு ஒரு நிறம் என்று மாற்றி வைத்தால் அந்தப் பழக்கம் தானாகக் குறையும். அட்டைக்குப் பின்பக்கம் வண்ணம் அடித்தால் போதும்.

அடுத்த கட்டம், 9 அட்டை மட்டும். கீழ்வரிசைக்கு 6, இடது ஓரத்தில் மேலே மேலே 3. மற்ற இடம் காலி. "முழுக்க மூட எத்தனை வேணும்?" இதுதான் பெரிய மலை. இங்கே ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

அதன் பிறகு ஒரே அட்டை. வைத்து, ஓரத்தில் கோடு போட்டு, நகர்த்தி நகர்த்தி. கடைசியாக அட்டையே இல்லாமல் தாளில் வரைவது. 30-க்கு 20 தாளும் ஒரு அட்டையும் கொடுத்து, "இது எல்லாத்தையும் மூடினா எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டு."

அந்தப் படத்தைத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் மனதுக்குள் இருப்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. முதலில் தனித்தனிச் சதுரமாக வரையும், நடுவே இடைவெளி இருக்கும், ஒரு வரிசையில் 6, அடுத்ததில் 5, அதற்கடுத்ததில் 7 என்று போகும். பிறகு சதுரங்கள் ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் மேலும் கீழும் நேராக இருக்காது. ஒருநாள் பக்கத்திலிருந்து பக்கம் முழுக் கோடாக இழுக்கும். அன்றைக்கு வரிசை பிடிபட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் லின் அவுட்ரெட், மைக்கேல் மிட்செல்மோர் இருவரும் ஒன்று முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த மாதிரிப் படங்களை வைத்தே ஆராய்ந்து 2000-இல் எழுதினார்கள். நம் பிள்ளைகள் வரைவதும் அப்படியேதான் இருக்கிறது.

#7 வாசல்கோலம்

அந்த 9 அட்டை இடத்திலேயே நிற்கிறோம். ஒரு சமயம் 9 என்கிறாள், ஒரு சமயம் 6-உம் 4-உம் 10 என்கிறாள். காலி இடத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மூலை அட்டையை இரண்டு தடவை எண்ணுகிறாள், அதையும் திருத்த வேண்டுமா?

#8 சுண்ணாம்புக்கட்டி

மூலையை இரண்டு தடவை எண்ணுவதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு. கீழ்வரிசையில் 6 பேர் என்று சொல்லும்போது மூலையும் உண்டு. வரிசைகள் 4 என்று சொல்லும்போதும் மூலை உண்டு. முதல் எண் அட்டையின் எண்ணிக்கை, இரண்டாவது வரிசையின் எண்ணிக்கை. அவளுக்கு இரண்டும் அட்டையாகவே தெரிவதால்தான் கூட்டுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, கண்ணுக்குத் தெரிவதும் அட்டைதானே.

அதனால் இடது ஓரத்து அட்டைகளை எடுத்துவிடுங்கள். பலகைக்கு வெளியே, ஒவ்வொரு வரிசைக்கும் நேராக ஒரு சட்டைப் பொத்தான் வையுங்கள். 4 பொத்தான், 4 வரிசை. பொத்தான் பலகைக்கு வெளியே இருப்பதால் அது இடத்தை மூடுவதாக அவள் நினைக்கமாட்டாள். பிறகு இரண்டே கேள்வி, எப்போதும் இதே வரிசையில்: "ஒரு வரிசையில எத்தனை?" "அப்படி எத்தனை வரிசை?"

30-க்கு 5 பட்டை ஒன்றும் வெட்டி வையுங்கள், அதில் 6 கட்டம் கோடு போட்டு. கீழிருந்து மேலே பட்டையை நகர்த்திக்கொண்டே 6, 12, 18, 24. 6-ஆம் வாய்ப்பாடு தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆறாறாக எண்ணட்டும். பலகையைத் திருப்பினால் வரிசைக்கு 4, 6 வரிசை, மறுபடி 24. அதைப் பார்த்து அவள் முகத்தில் வரும் ஆச்சரியத்துக்கு நேரம் விடுங்கள், உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

#9 வடலி (யாழ்ப்பாணம், கணித ஆசிரியர்)

நல்ல இழை. ஒரு படி விடுபட்டுப் போச்சுது எண்டு நினைக்கிறன். துண்டை வெட்டி இடம் மாத்தி வைச்சாலும் பரப்பளவு மாறாது எண்டது 7 வயதுப் பிள்ளைக்கு வெளிச்சமான விசயமில்லை.

சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜேயும் அவரோட வேலை செய்தவையும் இதுக்கு ஒரு சோதனை வைச்சவை. ஒரே அளவான இரண்டு பச்சைத் தாள், மாடு மேயிற புல்வெளி மாதிரி. ரெண்டிலயும் ஒரே எண்ணிக்கையில சின்ன வீட்டுக்கட்டையள். ஒண்டில நெருக்கமா வரிசையா, மற்றதில சிதறி. எந்த மாட்டுக்குப் புல் கூட? சின்னப் பிள்ளையள் நெருக்கி வைச்ச வெளியிலதான் புல் கூட எண்டு சொல்லுவினம். வீட்டில தீப்பெட்டியை வைச்சு இதைச் செய்யுங்கோ. ஒவ்வொரு சோடியா வைச்சுக் கேக்க வேணும்: "இப்ப?" இன்னொரு சோடி. "இப்ப?" ரெண்டு மூண்டு வரைக்கும் சமன் எண்டு சொல்லி, பிறகு மாத்திச் சொல்லும். அந்த இடத்தில தீப்பெட்டியளைச் சேர்த்து அடுக்கி, அவை மூடின இடத்தைக் காட்டுங்கோ. எது சரி எண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை.

இதுக்குப் பிறகு டாங்கிராம் நல்லாக் கைகொடுக்கும். சீனாவில இருந்து வந்த ஏழு துண்டு விளையாட்டு. 20 செ.மீ. சதுர அட்டையில வெட்டினா, சின்ன முக்கோணி ஒண்டு 25 சதுர செ.மீ. அதையே அலகா எடுத்தால் முழுச் சதுரம் 16. பெரிய முக்கோணி ஒவ்வொண்டும் 4, நடு முக்கோணி 2, சதுரம் 2, இணைகரம் 2, சின்னது ரெண்டும் ஒவ்வொண்டு. கூட்டிப் பாருங்கோ, 4+4+2+2+2+1+1.

நடு முக்கோணி, சதுரம், இணைகரம் மூண்டையும் காட்டி எது பெரிசு எண்டு கேட்டால், இணைகரம் எண்டு சொல்லுற பிள்ளையள் கன பேர், அது நீட்டா இருக்கிறபடியால். ரெண்டு சின்ன முக்கோணியைக் குடுத்து மூண்டையும் ஒவ்வொண்டா மூடச் சொல்லுங்கோ. மூண்டும் மூடுப்படும். வடிவம் வேற, பரப்பளவு ஒண்டு.

#10 கத்தரிக்கோல் (தையல்)

சுற்றளவையும் பரப்பளவையும் தனித்தனி மாதத்தில் கற்றுக்கொடுக்காமல் ஒரே மேசையில் ஒன்றாக வைத்துக் காட்டிவிடுங்கள். தையலில் ஓரத்துக்கு வைக்கும் லேஸ் ஒன்று, துணி இன்னொன்று. லேஸ் மீட்டர் கணக்கில் ஓடும், துணி இடத்தை மூடும். இந்த இரண்டு சொல்லையே பயன்படுத்தலாம்.

60 செ.மீ. சுற்றுக் கயிறு செய்யுங்கள். சணல் நூல் அல்லது பொட்டலம் கட்டும் நூல் நல்லது. கம்பளி நூல், எலாஸ்டிக் இரண்டும் இழுபடும், வேண்டாம். முடிச்சுக்கு நூல் போகும் என்பதால் 70 செ.மீ. வெட்டி, இரு முனையிலும் 5 செ.மீ. விட்டு மையால் குறித்து, இரண்டு குறியும் சேரும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். இதே 5 செ.மீ. அட்டைகளை அந்தக் கயிற்றுக்குள் செவ்வகமாக அடுக்கட்டும். 3-க்கு 3 வைத்தால் 9 அட்டை. 4-க்கு 2 வைத்தால் 8. 5-க்கு 1 வைத்தால் 5. கயிறு அதே கயிறுதான்.

மறுநாள் தலைகீழாக. 12 அட்டை எடுத்துச் செவ்வகமாக அடுக்கி, ஓரத்துக்கு லேஸ் எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். 4-க்கு 3 என்றால் 70 செ.மீ., 6-க்கு 2 என்றால் 80, 12-க்கு 1 என்றால் 130. துணி மாறவில்லை, லேஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது.

இங்கே ஒரு தவறு வரும். சுற்றளவு கேட்டால் ஓரத்து அட்டைகளை எண்ணுவார்கள். 4-க்கு 3-இல் ஓரத்தில் நிற்கும் அட்டை 10, ஆனால் சுற்றியுள்ள பக்கம் 14. மூலை அட்டைக்கு வெளிப்பக்கம் இரண்டு உண்டு, அதுதான் விடுபடுகிறது. அட்டையை எண்ணவிடாமல் விரலை ஓரத்தில் ஓட்டிக்கொண்டே எண்ணச் சொல்லுங்கள்.

#11 தென்னங்கீற்று

டீச்சர் சொல்வது புரிகிறது, ஆனால் பள்ளியில் சூத்திரம் கேட்பார்களே. ஒரே நாளில் சொல்லிக் கொடுத்தால் முடிந்துவிடும். அலகு மாற்றமும் எளிதுதான், 1 மீட்டருக்கு 100 செ.மீ., அப்படியே 1 சதுர மீட்டருக்கு 100 சதுர செ.மீ. என்று சேர்த்துச் சொல்லிவிடலாம்.

#12 எண்சுவடி

நண்பரே, 1 சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. வரிசைக்கு 100, அப்படி 100 வரிசை.

சூத்திரம் மட்டும் கையில் இருந்தால் பெரியவர்களுக்கே இது நழுவும், அதனால் இதைச் சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். 100 சதுர செ.மீ. என்றால் 10-க்கு 10 துண்டு, உள்ளங்கை அகலம். ஏ4 தாள் ஒன்றே 21-க்கு 29.7, அதாவது 623 சதுர செ.மீ.-க்கு மேல். ஏ வரிசைத் தாள்களில் ஏ0 தாளின் பரப்பளவு 1 சதுர மீட்டர் என்று வைத்துத்தான் மற்றவை பாதி பாதியாகக் குறைகின்றன. ஆகவே 16 ஏ4 தாளை 4-க்கு 4 ஆக ஒட்டினால் ஏறக்குறைய 1 சதுர மீட்டர். சதுரமாக இருக்காது, 84-க்கு 119 செ.மீ. செவ்வகமாக இருக்கும். அதுவும் நல்லதே. சதுர மீட்டர் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் உடையும். அதை விரித்துப்போட்டு ஒரு மூலையில் உள்ளங்கைத் துண்டை வைத்துப் பாருங்கள். 1 சதுர செ.மீ. கட்டம் நூறு போதுமா, நூறு நூறாக வேண்டுமா என்று கண்ணுக்கே தெரியும். உள்ளங்கைத் துண்டே 100 தேவை.

#13 தென்னங்கீற்று

தவறு என்னுடையது, திருத்தியதற்கு நன்றி. அப்படியானால் சூத்திரம் எப்போது?

#14 சுண்ணாம்புக்கட்டி

அவள் பட்டையை நகர்த்தாமலேயே "வரிசைக்கு 6, 4 வரிசை, 24" என்று சொல்லத் தொடங்கிய பிறகு. அன்றைக்கு ஸ்கேலைக் கொண்டுவரலாம். 1 செ.மீ. கட்டம் போட்ட தாளில் 7-க்கு 3 செவ்வகம் வரைந்து, கீழே ஸ்கேலை வைத்து, "ஸ்கேல் 7 காட்டுது. அப்ப கீழ்வரிசையில எத்தனை கட்டம்?" என்று கேளுங்கள். நீளம் என்பது வரிசையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சொல்லும் எண்ணாக மாறும் இடம் அது. அகலம் எத்தனை வரிசை என்று சொல்லும். அதற்குப் பிறகு நீளம் × அகலம் என்று பெயர் வைப்பது ஒரு நிமிட வேலை.

ஸ்கேலில் 0-க்கு முன்னால் இருக்கும் சிறு விளிம்பையும், சிலர் 1-இலிருந்து தொடங்குவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீளத்தில் ஒரு செ.மீ. தவறினால் பரப்பளவில் ஒரு முழு வரிசையே தவறும்.

#15 வாசல்கோலம்

மிக்க நன்றி. கோலப்புள்ளி வைத்துக் கட்டம் போடலாமா? 5 புள்ளி 5 வரிசை வைத்தால் 25 கட்டம் என்று சொல்லிக் கொடுக்கலாமா?

#16 எண்சுவடி

அக்கா, 25 இல்லை. 5-க்கு 5 நேர்ப்புள்ளி வைத்து நேர்கோடு இழுத்தால் கட்டம் 4-க்கு 4, மொத்தம் 16. புள்ளி வேறு, புள்ளிகளுக்கு நடுவிலுள்ள இடம் வேறு. இடத்தைத்தான் எண்ண வேண்டும். ஸ்கேலில் கோடுகளை எண்ணும் பிள்ளையின் தவறும் இதுவே. கட்டத்துக்குள் ஒரு அரிசி வைத்து, அரிசியை எண்ணச் சொன்னால் நேராகும்.

கோலப்புள்ளியில் 9, 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு புதையல் இருக்கிறது. நேர்ப்புள்ளியில், மூலைகள் எல்லாம் புள்ளியில் நிற்கும்படி, நேர்கோடுகளால் ஏதாவது மூடிய உருவம் வரையுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. உள்ளே முழுக்க அடங்கிய புள்ளிகளை எண்ணுங்கள். கோட்டின் மேல் உள்ள புள்ளிகளை எண்ணிப் பாதியாக்கிக் கூட்டுங்கள். 1 கழியுங்கள். அதுதான் பரப்பளவு. அந்த 5-க்கு 5-இல் உள்ளே 9, ஓரத்தில் 16. 9 + 8 − 1 = 16, கட்டத்தை எண்ணிய விடையே வருகிறது. கியோர்க் பிக் என்ற ஆஸ்திரியக் கணிதவியலாளர் 1899-இல் வெளியிட்ட தேற்றம் இது. சாய்ந்த முக்கோணம், நட்சத்திரம், மீன் என்று எதை வரைந்தாலும் வரும். சிக்குக் கோலத்துக்கு ஆகாது, அதில் வளைவு இருக்கிறது. இடுக்குப் புள்ளியிலும் இந்தக் கட்டக் கணக்கு அப்படியே வராது. உங்கள் மகளுக்கு இப்போது வேண்டாம், எடுத்து வையுங்கள்.

#17 மட்டப்பலகை

வார்த்தையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் வீட்டில் கேட்கும் தமிழே அவர்களைக் குழப்பும்.

"1200 அடி வீடு" என்போம். அது சதுர அடி, "சதுர" விழுங்கப்பட்டுவிட்டது. "10 சதுர அடி" வேறு, "10 அடி சதுரம்" வேறு. 10 அடி சதுரம் என்றால் பக்கத்துக்கு 10 அடி, பரப்பளவு 100 சதுர அடி. கட்டட வேலையில் "ஒரு சதுரம்" என்றாலே இந்த 100 சதுர அடிதான். மேஸ்திரி "12 சதுரம்" என்றால் 1200 சதுர அடி. ஒரே சொல், இடம் மாறினால் கணக்கு மாறும்.

இதைப் பழைய செய்தித்தாளில் காட்டிவிடலாம். 1 அடி சதுரமாக 9 துண்டு வெட்டுங்கள், பக்கம் 30.5 செ.மீ. ஒன்றைத் தரையில் வையுங்கள், அது 1 சதுர அடி. "2 அடி சதுரம் செய்" என்றால் 2 துண்டு வைப்பாள். பக்கத்துக்கு 2 வேண்டுமே, 4 ஆகும். 3 அடி சதுரத்துக்கு 9. பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்கு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. 20-க்கு 30 அடி மனை 600 சதுர அடி, இரண்டு பக்கமும் இரட்டித்த 40-க்கு 60 மனை 2400, அது ஒரு முழு கிரவுண்டு.

டைல்ஸ் விஷயத்தில் டீச்சர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு தரையை விடாதீர்கள். 2 அடி டைல்ஸ் என்று விற்பது 60 செ.மீ., சரியாக 2 அடி 60.96. 5 டைல்ஸ் போட்டால் 10 அடிக்கு ஏறக்குறைய 5 செ.மீ. குறையும். பிள்ளை டேப் பிடித்து அளந்துவிட்டு "டைல்ஸ்படி 10 வரணும், வரலையே" என்றால் அவள் அளந்தது சரி. சுவர் ஓரத்தில் வெட்டிப் போட்ட துண்டுகளை, இரண்டு பாதி சேர்த்து ஒன்று என்று சோடி சேர்க்கலாம்.

#18 வடலி

இஞ்சயும் அதே கரைச்சல்தான். யாழ்ப்பாணத்தில காணியைப் "பரப்பு" எண்டு அளப்பினம். ஒரு பரப்பு 10 பேர்ச், 2722.5 சதுர அடி, 16 பரப்பு ஒரு ஏக்கர். வீட்டில "ரெண்டு பரப்புக் காணி" எண்டு கேட்ட பிள்ளைக்குப் பள்ளியில "பரப்பளவு" எண்டால் காணி மட்டும்தான் நினைவுக்கு வரும். பிள்ளையிட்ட, மேசைக்கும் பரப்பளவு இருக்கு, வாழையிலைக்கும் இருக்கு, உன்ர கைக்கும் இருக்கு எண்டு தொட்டுக் காட்ட வேணும்.

#19 வாசல்கோலம்

கை என்றதும் கேட்கிறேன். கையையும் இலையையும் கட்டத்தாளில் வரைந்து எண்ணினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது.

#20 எண்சுவடி

கை கடினம், இலையில் தொடங்குங்கள். பூவரசு இலை, அரச இலை தட்டையாகப் படுக்கும். பென்சிலை நேராகப் பிடிக்க வேண்டும். முனை வெளிப்பக்கம் போகும்படி சாய்த்தால் சுற்றிலும் 2 மி.மீ. கூடி, சின்ன இலையில் அதுவே பல கட்டமாகிவிடும்.

1 செ.மீ. கட்டத்தில் முழுக்க உள்ளே இருப்பவற்றை மட்டும் முதலில் பச்சையால் நிரப்பட்டும். உதாரணமாக 38. இலை இதற்குக் குறையாது. பிறகு கோடு தொட்டுப் போகும் கட்டம் எல்லாவற்றையும் மஞ்சளால். 22 என்று வையுங்கள். இலை 60-க்கு மேல் போகாது. விடை 38-க்கும் 60-க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டால், விடை மாறுவது தவறு என்ற பயம் போய்விடும். அதன் பின் மஞ்சளில் பாதிக்கு மேல் இருப்பதை 1 என்றும், பாதிக்குக் கீழே இருப்பதை விட்டுவிடலாம் என்றும் வைத்து எண்ணலாம். அதே இலையை 5 மி.மீ. கட்டத்தில் போட்டால் இரண்டு எல்லைகளும் நெருங்கி வரும். அங்கே நான்கு கட்டம் சேர்ந்துதான் 1 சதுர செ.மீ., இரண்டு என்று எழுதிவிடுவார்கள்.

#21 கத்தரிக்கோல்

செவ்வகம் இல்லாத நேர்கோட்டு உருவம், அதாவது ஒரு மூலை வெட்டிய துணி மாதிரி இருப்பது, அதை எப்போது கொடுக்கலாம்?

#22 சுண்ணாம்புக்கட்டி

வரிசை பிடிபட்டதும் கொடுக்கலாம். அதே 30-க்கு 20 பலகையின் மேல்மூலையில் 15-க்கு 10 வெட்டி எடுங்கள். அட்டைக் கணக்கில் 6-க்கு 4-இல் 3-க்கு 2 போய்விட்டது. மூன்று வழியில் செய்யச் சொல்லுங்கள். கிடையாக வெட்டினால் கீழே 6-க்கு 2 ஆக 12, மேலே 3-க்கு 2 ஆக 6, மொத்தம் 18. நெடுக வெட்டினால் 3-க்கு 4 ஆக 12, பக்கத்தில் 3-க்கு 2 ஆக 6, மறுபடி 18. முழுசாக நினைத்துக் கழித்தால் 24-இல் 6 போக 18.

மூன்றும் ஒன்றாக வராவிட்டால் ஏதோ ஒரு பக்கத்தை இரண்டு துண்டுக்கும் சேர்த்து எடுத்திருப்பாள், பெரும்பாலும் நெடுக வெட்டிய பிறகும் பக்கத்துத் துண்டுக்கு 4 என்றே வைத்திருப்பாள். அட்டையை எடுத்து அந்தத் துண்டின் மேல் மட்டும் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.